பிஎச்பி ஓட்ட எந்த வெப் சர்வர்? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

பிஎச்பி கற்கத் தொடங்கியவர்கள் சீக்கிரமே வந்து நிற்கும் கேள்வி, அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் என்ற இரண்டு வெப் சர்வர்களில் எது நல்லது என்பது. கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள், அதில் பாதி வேகத்தைப் பற்றியதாகவே இருக்கும். ஒரு சாதாரணத் தளத்துக்கு அந்த வேக வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. பக்கம் மெதுவாக வருகிறது என்றால் பெரும்பாலும் டேட்டாபேஸும் நாம் எழுதிய நிரலும்தான் காரணம், சர்வர் இல்லை. பார்க்க வேண்டியது வேறு. உங்கள் புரோகிராம் என்னென்ன கேட்கிறது, அதை எங்கே வைக்கப் போகிறீர்கள், சர்வருக்கும் பிஎச்பிக்கும் நடுவில் இருக்கிற இணைப்பு எந்த வகை, இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் எந்த சர்வர் என்பது தானாகவே தெளிவாகிவிடும். அந்த வரிசையிலேயே போகலாம்.

செட்டிங் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பைத் திறந்தால் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும், படித்துப் பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும்.

வெப் சர்வருக்கு பிஎச்பி தெரியாது

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். வெப் சர்வரின் வேலை, பிரவுசர் ஒரு முகவரி கேட்டால் அதற்குரியதை எடுத்துக் கொடுப்பது. படம், ஸ்டைல் கோப்பு மாதிரி ஏற்கனவே தயாராக இருப்பவற்றை வட்டிலிருந்து எடுத்து அப்படியே அனுப்பிவிடும். ஆனால் பிஎச்பி கோப்பை அப்படி அனுப்பக் கூடாது, அதை பிஎச்பி இயக்கியிடம் கொடுத்து, ஓடி வந்த விடையைத்தான் அனுப்ப வேண்டும். யாரிடம் கொடுப்பது என்று சர்வருக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்றால் அது கோப்பை வெறும் எழுத்தாகவே அனுப்பிவிடும். உங்கள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உட்பட எல்லாம் பிரவுசரில் தெரியும், அல்லது கோப்பு டவுன்லோட் ஆகும்.

இந்த ஒப்படைப்பு நடக்கும் வழிகள் காலத்தோடு மாறி வந்திருக்கின்றன. ரஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-ல் பிஎச்பியை வெளியிட்டபோது அது சிஜிஐ முறையில்தான் ஓடியது, அதாவது ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புதிய பிராசஸ் (ஓடும் ஒரு புரோகிராம்) தொடங்கி, வேலை முடிந்ததும் சாகும். அது மெதுவாக இருந்ததால் பிஎச்பியை அப்பாச்சிக்குள்ளேயே ஒரு மாட்யூலாகப் பொருத்தும் முறை வந்தது, மாட்-பிஎச்பி என்று சொல்வார்கள், பல வருடம் இதுதான் உலகம் முழுக்க ஓடியது. அப்புறம் ஃபாஸ்ட்சிஜிஐ வழியாக, பிஎச்பி தனிச் சேவையாக எப்போதும் ஓடிக்கொண்டிருக்க, சர்வர் கோரிக்கையை மட்டும் அதனிடம் தள்ளிவிடும் முறை பரவியது. அதைச் செய்யும் பிஎச்பி-எஃப்பிஎம் 2010-ல் 5.3.3 பதிப்போடு பிஎச்பியின் உள்ளேயே சேர்க்கப்பட்டது. இன்று புதிதாகத் தொடங்கும் யாரும் எந்த சர்வரை எடுத்தாலும் எஃப்பிஎம் வழியில் போவதுதான் என் கருத்தில் சரி, காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் புரோகிராமைக் கேளுங்கள்

சர்வர் தேடும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த பிஎச்பி பதிப்பு வேண்டும்? தளம் அமைக்கப் பலரும் எடுக்கும் வேர்ட்பிரஸ் இப்போது பரிந்துரைப்பது 8.3 அல்லது அதற்கு மேல், பிஎச்பி புரோகிராம் எழுத அடித்தளம் தரும் லாராவெல் 12-க்குக் குறைந்தது 8.2 வேண்டும். பழைய புரோகிராம் ஒன்றை எடுத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் இங்கேதான் சிக்கல் வரும், ஏனென்றால் 7.4-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரிலேயே நின்றுவிட்டன, 8.0-க்கு 2023 நவம்பரில் நின்றன. 8.2-க்கு 2026 கடைசி வரையும், 8.3-க்கு 2027 கடைசி வரையும், 8.4-க்கு 2028 கடைசி வரையும் கிடைக்கும். பழைய நிரலுக்காகப் பழைய பிஎச்பியைத் தேடிப் போகாமல், நிரலைத் திருத்துவதுதான் கடைசியில் மலிவு.

அடுத்து எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிஎச்பியோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் பகுதிகள். மைஎஸ்க்யூஎல்ஐ அல்லது பிடிஓ, கர்ல், எக்ஸ்எம்எல், ஜிடி, ஜிப் என்று ஒவ்வொரு புரோகிராமும் ஒரு பட்டியல் வைத்திருக்கும். தமிழில் உள்ளடக்கம் வைப்பவர்கள் எம்பிஸ்ட்ரிங், இன்டில் இரண்டையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏன் என்று ஒரு சின்னச் சோதனையில் பார்க்கலாம்: ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தை பிஎச்பியின் சாதாரண ஸ்ட்ர்லென் கட்டளையிடம் கேட்டால் 15 என்று சொல்லும், ஏனென்றால் அது பைட் எண்ணுகிறது. எம்பிஸ்ட்ரிங்கின் எம்பி-ஸ்ட்ர்லென் 5 என்று சொல்லும், அது மெய்யின் புள்ளியையும் உயிர்மெய்யின் கொக்கியையும் தனித்தனியாக எண்ணுகிறது. இன்டிலில் உள்ள கிராஃபீம்-ஸ்ட்ர்லென் மட்டும்தான் 3 என்று நாம் எண்ணுவது போல எண்ணும். தலைப்பை இத்தனை எழுத்தில் வெட்டு என்று ஒரு தீம் சொல்லும்போது பாதி எழுத்தில் வெட்டுப்பட்டு கேள்விக்குறிக் கட்டம் வருவதெல்லாம் இதனால்தான்.

மூன்றாவது, உங்கள் புரோகிராமின் ஃபோல்டரில் ‘.எச்டிஅக்சஸ்’ என்று, சர்வருக்கான விதிகள் எழுதிய ஒரு கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாகக் கண்ணில் படாது, மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்ல வேண்டும். இது இருந்தால், அதில் நிறைய வரிகள் இருந்தால், அந்தப் புரோகிராம் அப்பாச்சியை மனதில் வைத்து எழுதப்பட்டது. சர்வர் தேர்வில் எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய அடையாளம் கிடையாது.

நான்காவது, வெளியே தெரிய வேண்டிய ஃபோல்டர் எது? வேர்ட்பிரஸில் எல்லாம் ஒரே ஃபோல்டரில். லாராவெல், சிம்ஃபனி போன்றவற்றில் ‘பப்ளிக்’ என்ற உள் ஃபோல்டரை மட்டும்தான் சர்வருக்குக் காட்ட வேண்டும், முழு ஃபோல்டரையும் காட்டினால் பாஸ்வேர்டுகள் இருக்கும் ‘.என்வ்’ கோப்பும் சேர்ந்து வெளியே போய்விடும்.

எங்கே வைக்கப் போகிறீர்கள்

பலருடைய தளங்கள் ஒரே சர்வரில் இருக்கும் ஷேர்டு ஹோஸ்டிங் வாங்கினால் சர்வரை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, அவர்கள் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பெரும்பாலும் அப்பாச்சி அல்லது லைட்ஸ்பீட் இருக்கும், இரண்டுமே எச்டிஅக்சஸைப் படிக்கும் என்பதால் வேர்ட்பிரஸ் போட்டால் சத்தமில்லாமல் ஓடும். அங்கே நீங்கள் கேட்க வேண்டியது சர்வர் பெயரை அல்ல: பிஎச்பி பதிப்பைக் கன்ட்ரோல் பேனலில் நானே மாற்றிக்கொள்ளலாமா, எந்த எக்ஸ்டென்ஷன்கள் இருக்கின்றன, ஒரே நேரத்தில் எத்தனை பிஎச்பி பிராசஸ் ஓடலாம், எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்தே டெர்மினலில் நுழையும் வழி) உண்டா, வெளியே தெரியும் ஃபோல்டரை மாற்றலாமா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்றால் லாராவெலுக்கு அந்த இடம் வேண்டாம். பணம் கட்டும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சொந்தக் கணினியில் கற்றுக்கொள்ள என்றால் எந்த சர்வரும் தேவையில்லை. பிஎச்பி 5.4 முதல், அதாவது 2012 முதல், அதற்குள்ளேயே ஒரு சின்ன சர்வர் இருக்கிறது. டெர்மினலில் உங்கள் ஃபோல்டருக்குப் போய் பிஎச்பி என்று தட்டி, இடைவெளி விட்டு, கழித்தல் குறியோடு பெரிய எஸ் எழுத்து, அப்புறம் லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 8000 என்று கொடுத்தால் போதும். கற்பதற்கும் சோதிப்பதற்கும் மட்டும்தான் இது, இணையத்தில் திறந்துவிடக் கூடாது என்று பிஎச்பி கையேடே எச்சரிக்கிறது. விண்டோஸில் பலரும் எக்ஸ்ஏஎம்பிபி போடுகிறார்கள், அப்பாச்சி, மரியாடிபி, பிஎச்பி எல்லாம் ஒன்றாக வரும், வசதிதான். ஆனால் விண்டோஸில் பெரிய எழுத்து சிறிய எழுத்து வித்தியாசம் கோப்புப் பெயரில் பொருட்டில்லை, லினக்ஸில் பொருட்டு உண்டு. வீட்டில் ஓடிய தளம் சர்வரில் ஏற்றியதும் ‘கோப்பு இல்லை’ என்று நின்றால் முதலில் அதைப் பாருங்கள்.

விபிஎஸ் என்கிற தனி மெய்நிகர் கணினி எடுத்தால்தான் தேர்வு உண்மையிலேயே உங்கள் கையில். இனி சொல்லப்போவது முக்கியமாக விபிஎஸ் எடுப்பவர்களுக்கு.

அப்பாச்சி

1995 முதல் இருப்பது, எல்லா இடத்திலும் ஓடும், எந்தப் பிழையைத் தேடினாலும் யாரோ ஒருவர் எப்போதோ அதற்கு விடை எழுதி வைத்திருப்பார். புதியவருக்கு இதன் பெரிய பலம் எச்டிஅக்சஸ்: சர்வரின் மூலக் கட்டமைப்புக் கோப்பைத் தொடாமல், ஃபோல்டருக்குள் ஒரு கோப்பு வைத்தே முகவரிகளை மாற்றி எழுதலாம், ஒரு ஃபோல்டரைப் பூட்டலாம். இதற்கு விலையும் உண்டு, ஒவ்வொரு கோரிக்கைக்கும் அப்பாச்சி மேல் ஃபோல்டரிலிருந்து கீழ் வரை ஒவ்வொன்றிலும் அந்தக் கோப்பு இருக்கிறதா என்று தேடும். மூலக் கட்டமைப்பை மாற்றும் உரிமை உங்களிடம் இருந்தால் எச்டிஅக்சஸைத் தவிர்த்துவிடுங்கள் என்று அப்பாச்சியின் சொந்தக் கையேடே சொல்கிறது. சின்னத் தளத்தில் இந்த விலை கவலைப்படும் அளவுக்கு இல்லை.

கவலைப்பட வேண்டியது மாட்-பிஎச்பி. உபுண்டு என்ற லினக்ஸில் அப்பாச்சியோடு பிஎச்பியைச் சாதாரணமாக நிறுவினால் இதுதான் வரும். வந்ததும் அப்பாச்சி ‘பிரீஃபோர்க்’ என்ற பழைய முறைக்கு மாறிவிடும், ஏனென்றால் சாதாரணமாக வரும் பிஎச்பி, ஒரே பிராசஸுக்குள் பல வேலைகள் ஒன்றாக ஓடும் த்ரெட் முறையில் பத்திரமாக ஓடாது. பிரீஃபோர்க்கில் ஒரு இணைப்புக்கு ஒரு முழு பிராசஸ், ஒவ்வொரு பிராசஸுக்குள்ளும் ஒரு முழு பிஎச்பி; ஒரு சின்னப் படத்தை எடுத்துக் கொடுக்கக்கூட அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதோடு, பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபியின் இரண்டாவது பதிப்பும் பிரீஃபோர்க்கில் வேலை செய்யாது. ஒரே சர்வரில் இரண்டு தளங்கள் வைத்தால் இரண்டும் ஒரே பயனராகத்தான் ஓடும், ஒன்றில் புகுந்தவர் இன்னொன்றையும் படிக்கலாம்.

எஃப்பிஎம்முக்கு மாறினால் இவற்றைத் தீர்க்கலாம், ஆனால் தளங்களைப் பிரிக்க ஒவ்வொன்றையும் தனிப் பயனராக ஓடும்படி எஃப்பிஎம்மில் அமைக்க வேண்டும். எச்டிஅக்சஸும் தொடர்ந்து வேலை செய்யும், ஏனென்றால் அது அப்பாச்சியின் வேலை, பிஎச்பியின் வேலை இல்லை. உபுண்டு 24.04-ல் அப்பாச்சி-2, பிஎச்பி-8.3-எஃப்பிஎம் என்ற இரண்டு பேக்கேஜையும் நிறுவுங்கள். பிறகு ‘ஏ-2-என்-மாட்’ கட்டளையால் பிராக்சி-எஃப்சிஜிஐ, செட்-என்வ்-இஃப், ரீரைட் மூன்றையும் இயக்குங்கள். ‘ஏ-2-என்-கான்ஃப்’ கட்டளையால் பிஎச்பி-8.3-எஃப்பிஎம் கட்டமைப்பை இயக்குங்கள். அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதற்குப் பிறகும் வேர்ட்பிரஸில் முகப்பு மட்டும் வந்து மற்ற பக்கங்களுக்கெல்லாம் 404 (‘பக்கம் இல்லை’ என்ற பிழை) வரும், பதற வேண்டாம். உபுண்டுவின் மூலக் கட்டமைப்பில் வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ ஃபோல்டருக்கு ‘அலவ்-ஓவர்ரைடு நன்’ என்று இருக்கும், அதாவது எச்டிஅக்சஸைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. உங்கள் தளத்தின் கட்டமைப்பில் அந்த ஃபோல்டருக்கு மட்டும் அதை ‘ஆல்’ என்று மாற்றி ரீலோட் செய்தால் சரியாகிவிடும்.

என்ஜின்எக்ஸ்

இகோர் சிசோயெவ் எழுதி 2004-ல் வெளியிட்டது. ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் குறைந்த மெமரியில் தாங்க வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்டதால் சில பிராசஸ்களே எல்லா இணைப்புகளையும் பார்த்துக்கொள்ளும். பிஎச்பியை இதற்குள் பொருத்த வழியே இல்லை, எஃப்பிஎம்மிடம்தான் கொடுத்தாக வேண்டும், ஆகவே நல்ல வழியில் போகும்படி அதுவே உங்களைத் தள்ளிவிடுகிறது. 1 ஜிபி ரேம் உள்ள சின்ன விபிஎஸ் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

நிறுவும்போது ஒரு கண்ணி இருக்கிறது. உபுண்டுவில் வெறுமனே ‘பிஎச்பி’ என்ற பேக்கேஜை நிறுவச் சொன்னால், அதற்கு அப்பாச்சி மாட்யூலோ எஃப்பிஎம்மோ சிஜிஐயோ ஏதாவது ஒன்று வேண்டும், எதுவும் இல்லை என்றால் பட்டியலில் முதலில் இருக்கிற அப்பாச்சி மாட்யூலை எடுக்கும், கூடவே அப்பாச்சியும் வந்துவிடும். வந்தது, இணையக் கோரிக்கைகள் வரும் 80-ம் போர்ட்டைப் பிடிக்கப் பார்க்கும், இரண்டு சர்வரில் ஒன்று கிளம்ப மறுக்கும், நாம் என்ஜின்எக்ஸ் கட்டமைப்பில் பிழை தேடிக்கொண்டிருப்போம். ஆகவே பிஎச்பி-எஃப்பிஎம் என்று பெயர் சொல்லியே நிறுவுங்கள்.

பிறகு இடிசி/என்ஜின்எக்ஸ்/சைட்ஸ்-அவைலபிள் ஃபோல்டரில் இருக்கும் ‘டிஃபால்ட்’ கோப்பைத் திறந்து பாருங்கள். பிஎச்பிக்கான பகுதி அதிலேயே இருக்கும், ஆனால் ஒவ்வொரு வரியின் முன்னும் ஹேஷ் குறி போட்டு முடக்கியிருக்கும். அந்தக் குறிகளை எடுக்கும்போது நான்கு இடங்களைக் கவனியுங்கள். ‘இன்டெக்ஸ்’ வரியில் இன்டெக்ஸ்.பிஎச்பி இருக்காது, நீங்களே சேர்க்க வேண்டும், இல்லையென்றால் முகப்புக்கு 403 (‘அனுமதி இல்லை’) வரும். ‘ஃபாஸ்ட்சிஜிஐ-பாஸ்’ இரண்டு முறை இருக்கும், ஒன்று சாக்கெட்டுக்கு (ஒரே கணினியில் இரண்டு புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் கோப்பு), ஒன்று டிசிபி போர்ட்டுக்கு, ஒன்றின் ஹேஷ் குறியை மட்டும் எடுங்கள். சாக்கெட் பாதையில் எழுதியிருக்கும் பதிப்பு எண் உங்களுடையதாக இருக்கும் என்று நம்ப வேண்டாம், ரன்/பிஎச்பி ஃபோல்டரில் என்ன பெயர் இருக்கிறது என்று பார்த்து அதை எழுதுங்கள். நான்காவது ‘ட்ரை-ஃபைல்ஸ்’ வரி: அதன் கடைசியில் 404 என்று இருக்கும், வேர்ட்பிரஸுக்கும் லாராவெலுக்கும் அந்த இடத்தில் இன்டெக்ஸ்.பிஎச்பியும் கேள்விக்குறிக்குப் பின் வருபவையும் போகும்படி மாற்ற வேண்டும். மாற்றியதும் என்ஜின்எக்ஸ், இடைவெளி, கழித்தல் குறி, சிறிய டி என்று கட்டளை கொடுத்தால் கட்டமைப்பைச் சோதித்துச் சொல்லும், சரி என்றால் மட்டும் ரீலோட் செய்யுங்கள். இந்தப் பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள்.

என்ஜின்எக்ஸில் புதியவர்கள் தவறவிடும் ஆபத்து ஒன்று உண்டு, இதைச் சொல்லாமல் விடக் கூடாது. இது எச்டிஅக்சஸைப் படிக்காது. முகவரி மாற்றம் வேலை செய்யவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும், ஆனால் அதே கோப்பில் ‘இந்த ஃபோல்டரை யாரும் திறக்கக் கூடாது’ என்று ஒரு வரி இருந்தால் அதுவும் செத்துப்போகும், அதற்கு எந்தப் பிழைச் செய்தியும் வராது. பல புரோகிராம்கள் பேக்கப், லாக், அப்லோட் ஃபோல்டர்களை இப்படித்தான் பூட்டியிருக்கின்றன. அப்பாச்சியிலிருந்து மாற்றும் முன் எல்லா எச்டிஅக்சஸ் கோப்புகளையும் தேடி எடுத்து, ஒவ்வொரு தடையையும் என்ஜின்எக்ஸ் கட்டமைப்பில் எழுதுங்கள். முக்கியமாக, பயனர்கள் அப்லோட் செய்யும் ஃபோல்டரில் பிஎச்பி ஓடாதபடி தடுத்துவிடுங்கள்.

எங்கிருந்தோ நகல் எடுத்த கட்டமைப்பையும் அப்படியே ஒட்ட வேண்டாம். 2019 அக்டோபரில் வெளிவந்த ஒரு ஓட்டை, என்ஜின்எக்ஸும் எஃப்பிஎம்மும் சேர்ந்த ஒரு குறிப்பிட்ட கட்டமைப்பில் வெளியாள் தன் நிரலையே ஓட்ட வழி செய்தது. பிழை பிஎச்பி பக்கம்தான், அதைத் திருத்திவிட்டார்கள், ஆனால் பிஎச்பியைப் புதுப்பிக்காமல் அந்தக் கட்டமைப்பை மட்டும் நகல் எடுத்து வைத்திருந்த தளங்கள் எல்லாம் திறந்த கதவோடு நின்றன.

மற்றவை

லைட்ஸ்பீட் அப்பாச்சியின் கட்டமைப்பையும் எச்டிஅக்சஸையும் புரிந்துகொள்ளும், பிஎச்பியோடு பேச எல்எஸ்ஏபிஐ என்ற சொந்த வழி வைத்திருக்கிறது, ஆனால் பெரும்பாலும் காசு கட்ட வேண்டும். இலவசமாக வரும் ஓப்பன்லைட்ஸ்பீட் எச்டிஅக்சஸில் முகவரி மாற்றும் விதிகளை மட்டும்தான் படிக்கும், விதியை மாற்றினால் சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். மேலே சொன்ன பூட்டு விவகாரம் இங்கேயும் பொருந்தும்.

கேடி என்ற வெப் சர்வர் 2015-ல் வந்தது. இதன் அழகு, பாதுகாப்பான இணைப்புக்குத் தேவையான எச்டிடிபிஎஸ் சான்றிதழைத் தானே வாங்கித் தானே புதுப்பித்துக்கொள்ளும், பிஎச்பிக்கு எஃப்பிஎம் எங்கே இருக்கிறது என்று ஒரே வரி போதும். தனி ஆளாக ஒரு சின்னத் தளம் நடத்துபவருக்கு இது அருமையான தேர்வு, ஏன் இன்னும் நிறையப் பேர் எடுப்பதில்லை என்று எனக்குப் புரியவில்லை. இதன் மேல் கட்டப்பட்ட ஃபிராங்கன்பிஎச்பியில் பிஎச்பி சர்வருக்குள்ளேயே இருக்கும், அதன் வொர்க்கர் முறையில் புரோகிராம் ஒரு முறை ஏறி மெமரியிலேயே நிற்கும், வேகம் நன்றாகக் கூடும். ஆனால் ஒரு கோரிக்கையில் வைத்த மதிப்பு அடுத்த கோரிக்கை வரை ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பதால் அதற்கேற்ப எழுதிய நிரல்தான் ஓடும். முதல் தளத்துக்கு வேண்டாம்.

விண்டோஸ் சர்வரும் மைக்ரோசாஃப்டின் வெப் சர்வரான ஐஐஎஸ்ஸும்தான் என்று அலுவலகத்தில் முடிவாகிவிட்டால், ஃபாஸ்ட்சிஜிஐ வழியில், ‘நான் த்ரெட் சேஃப்’ என்று குறித்திருக்கும் பிஎச்பியை எடுங்கள். பழைய சிஜிஐ வழி பக்கம் போகாதீர்கள். 2024 ஜூனில் விண்டோஸில் பிஎச்பி-சிஜிஐயில் ஒரு மோசமான ஓட்டை வெளியானது: முகவரியில் வரும் ஒரு வகை ஹைபனை விண்டோஸ் சில மொழி அமைப்புகளில் சாதாரணக் கழித்தல் குறியாக மாற்றிவிடும், பிஎச்பி அதைத் தனக்கு வந்த கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். எக்ஸ்ஏஎம்பிபியின் இயல்பான அமைப்பும் அதில் மாட்டியது. 8.1.29, 8.2.20, 8.3.8 பதிப்புகளில் திருத்தம் வந்தது. எக்ஸ்ஏஎம்பிபியை வீட்டுக்கு வெளியே திறக்க வேண்டாம் என்று எல்லோரும் சொல்வதற்கு இது நல்ல காரணம்.

சரி, எதை எடுப்பது? எச்டிஅக்சஸை நம்பியிருக்கும் புரோகிராம், அல்லது ஒரே சர்வரில் பலருடைய தளங்கள் என்றால் அப்பாச்சி, எஃப்பிஎம்மோடு. உங்கள் சொந்தப் புரோகிராம், ரேம் குறைவு, கட்டமைப்பு எழுத அஞ்சமாட்டீர்கள் என்றால் என்ஜின்எக்ஸ். ஒரே ஆள், ஒரே தளம், சான்றிதழ் தலைவலி வேண்டாம் என்றால் கேடி. இரண்டு சர்வர் சமமாகப் பொருந்தினால், உங்களுக்கு உதவக்கூடிய நண்பர் எதை நடத்துகிறாரோ அதை எடுங்கள். இரவில் தளம் விழும்போது அந்த உதவிதான் எல்லா ஒப்பீட்டு அட்டவணையையும்விடப் பெரிது.

எத்தனை பிராசஸ்

எஃப்பிஎம்மில் ‘பிஎம்.மேக்ஸ்-சில்ட்ரன்’ என்று ஒரு செட்டிங் இருக்கிறது, ஒரே நேரத்தில் எத்தனை பிஎச்பி பிராசஸ் ஓடலாம் என்பதற்கான உச்சவரம்பு. நிறுவியதும் 5 இருக்கும். கூட்டம் வந்தால் ஆறாவது ஆள் காத்திருக்க வேண்டும், எஃப்பிஎம் லாக்கில் ‘வரம்பைத் தொட்டுவிட்டது, கூட்டலாமே’ என்ற பொருளில் ஒரு எச்சரிக்கை வரும். உடனே 100 என்று மாற்றிவிடாதீர்கள், ரேம் தீர்ந்து டேட்டாபேஸே செத்துவிடும். கணக்கு எளிது: 2 ஜிபி ரேமில் டேட்டாபேஸுக்கும் சிஸ்டத்துக்கும் சேர்த்து 1 ஜிபி ஒதுக்கினால் மீதி சுமார் 1000 எம்பி; டாப் கட்டளையில் பார்த்தால் ஒரு பிஎச்பி பிராசஸ் 60 எம்பி எடுக்கிறது என்றால் 16 வரும், கொஞ்சம் மூச்சுவிட இடம் விட்டு 14 போடுங்கள். ஓப்கேஷ் (பிஎச்பி நிரலை ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிக்காமல் மெமரியில் வைத்திருப்பது) இயங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், சர்வரை மாற்றி வரும் வேகத்தைவிட அதை இயக்கி வரும் வேகம் பல மடங்கு.

பிழை வந்தால் எங்கே பார்ப்பது

502 என்றால் சர்வர் உயிரோடு இருக்கிறது, பிஎச்பியைத்தான் எட்ட முடியவில்லை. என்ஜின்எக்ஸின் எரர் லாக்கைத் திறங்கள்: அப்படி ஒரு கோப்பே இல்லை என்று சொன்னால் சாக்கெட் பாதை தப்பு, அனுமதி இல்லை என்று சொன்னால் சாக்கெட்டின் உரிமையாளர் வேறு பயனர், இணைப்பு மறுக்கப்பட்டது என்றால் எஃப்பிஎம் ஓடவில்லை. 504 என்றால் பிஎச்பி பதில் சொல்ல ரொம்ப நேரம் எடுக்கிறது, என்ஜின்எக்ஸ் இயல்பாக 60 விநாடிதான் காத்திருக்கும். அந்த நேரத்தைக் கூட்டும் முன் எந்த டேட்டாபேஸ் கேள்வி இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள்.

படம் ஏற்றும்போது 413 (‘கோப்பு மிகப் பெரிது’) வந்தால் என்ஜின்எக்ஸின் ‘கிளையன்ட்-மேக்ஸ்-பாடி-சைஸ்’ 1 எம்பியில் நிற்கிறது. அதைக் கூட்டிய பிறகும் ஏறவில்லை என்றால் பிஎச்பியின் ‘அப்லோட்-மேக்ஸ்-ஃபைல்சைஸ்’ 2 எம்பியிலும் ‘போஸ்ட்-மேக்ஸ்-சைஸ்’ 8 எம்பியிலும் இருக்கும், மூன்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். மாற்றியும் மாறவில்லையா? பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பு டெபியன், உபுண்டுவில் இரண்டு இடத்தில் இருக்கும், டெர்மினலுக்கு ஒன்று, எஃப்பிஎம்முக்கு ஒன்று. எஃப்பிஎம்முடையதை மாற்றி, என்ஜின்எக்ஸை அல்ல, எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

வெள்ளைப் பக்கத்தில் ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’ என்று ஒரே வரி வந்தால் அது எஃப்பிஎம் பேசுவது: என்ஜின்எக்ஸ் சொன்ன பாதையில் அந்தக் கோப்பை அதனால் காண முடியவில்லை. எழுத்துப் பிழையாக இருக்கலாம். தளத்தை உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் வைத்திருந்தால் வேறு காரணமும் உண்டு. உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் ஃபோல்டர்கள் மற்ற பயனர்களுக்குப் பூட்டப்பட்டே வருகின்றன, சர்வர் ஓடும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பயனரால் உள்ளே நுழையவே முடியாது, அதனால் 403 அல்லது 404 வரலாம். தளத்தை வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூவுக்கு நகர்த்துங்கள். எல்லாவற்றுக்கும் 777 அனுமதி கொடுத்துவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதன் பிறகு அந்தக் கணினியில் யார் வேண்டுமானாலும் உங்கள் கோப்புகளை மாற்றி எழுதலாம்.

கடைசியில், பிஎச்பிஇன்ஃபோ என்ற ஒற்றை வரி உள்ள ஒரு கோப்பை வைத்து பிரவுசரில் திறந்து பாருங்கள். மேலே ‘சர்வர் ஏபிஐ’ என்ற வரியில் எஃப்பிஎம்/ஃபாஸ்ட்சிஜிஐ என்று இருந்தால் நீங்கள் நினைத்த இணைப்பில்தான் ஓடுகிறது, ‘அப்பாச்சி 2.0 ஹேண்ட்லர்’ என்று இருந்தால் இன்னும் மாட்-பிஎச்பிதான். பதிப்பு, எம்பிஸ்ட்ரிங், இன்டில், ஓப்கேஷ் நான்கையும் அங்கேயே சரிபார்த்துவிட்டு, கோப்பை உடனே நீக்கிவிடுங்கள், உள்ளே இருப்பதெல்லாம் வெளியாளுக்கு வழிகாட்டும். அப்படியே உங்கள் தள முகவரிக்குப் பின்னால் .என்வ் என்றும், நிரலின் பழைய பதிப்புகள் இருக்கும் .கிட் ஃபோல்டரின் பெயரையும் போட்டுப் பாருங்கள். ஏதாவது திறந்தால் அதை மூடிவிட்டு, அதில் இருந்த பாஸ்வேர்டுகளையும் மாற்றிய பிறகே தளத்தின் முகவரியை மற்றவர்களுக்குக் கொடுங்கள்.